எல்லைக் கல் மட்டும் போதுமா?

மரக்காணம் என்றதும் எவருக்கும் உப்பே நினைவுக்கு வரும். அனுமந்தையைக் கடந்து வடக்கே செல்வோர் உப்புக் குவியல்களைக் கண்டு வியக்கின்றனர். சாலைக்கு மேற்கே பரந்து கிடக்கும் கழுவேலியை நின்று பார்ப்போர் சிலரே!

பழவேற்காட்டுக்கு அடுத்துத் தென்னிந்தியாவின் பெரிய உவர்நீர் ஏரி இது. இதன் 5,151 ஹெக்டேருக்கும் மேற்பட்ட பரப்பைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 2024 ஆகஸ்டில் ராம்சர் பட்டியலிலும் இது இடம்பெற்றது. நமக்கெல்லாம் பெருமைதான். ஆனால், அறிவிப்போடு கடமை முடிந்துவிட்டதா?

கழுவேலியின் உயிர் இரு நீர்களின் கலப்பில் இருக்கிறது. மழைக்காலத்தில் சுற்றுப்புற ஏரிகளின் உபரிநீர் வாய்க்கால்கள் வழியே இங்கு வந்து சேர்கிறது. இடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடல்நீர் ஏறி இறங்குகிறது. இக்கலப்பில்தான் மீனும் இறாலும் பெருகுகின்றன. கூழைக்கடாவும் பூநாரையும் உள்ளானும் அவ்வளத்தை நாடியே வருகின்றன. வாய்க்கால் தூர்ந்தால் நன்னீர் நிற்கும். கழிமுகம் அடைபட்டால் கடல்நீர் நிற்கும். இரண்டில் எது நின்றாலும் பறவைக்கு இரையில்லை, வலைக்கு மீனில்லை. எல்லைக் கல் நட்டு இதைத் தடுக்க முடியுமா?

கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்ட முனைந்தபோது கவிஞர் சுகதகுமாரியும் தாவரவியல் பேராசிரியர் எம். கே. பிரசாத்தும் மக்களைத் திரட்டினர். திட்டம் கைவிடப்பட்டது, 1984-இல் அது தேசியப் பூங்காவாயிற்று. அங்கே வந்த ஆபத்து ஓர் அணை. எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது. இங்கே வருவதோ ஆக்கிரமிக்கப்படும் ஓர் ஏரிக்கரை, குப்பை கொட்டப்படும் ஒரு வாய்க்கால், இரவில் வைக்கப்படும் ஒரு கண்ணி. சிறிது சிறிதாக வருவதால் எவரும் குரல் எழுப்புவதில்லை.

கழுவேலியில் வலை வீசிப் பிழைக்கும் குடும்பங்களை அயலாராக்கிவிட்டுப் பறவைகளைக் காக்க முடியாது. எந்த மாதத்தில் எந்த நீர் ஏறும் என்பதை அவர்களே நன்கறிவர். காவலுக்கு முதல் துணையாக அவர்களைக் கொள்வதே அறிவுடைமை.

மாணவத் தோழர்களே, நமக்கும் பணி உண்டு. விலங்கியல் மாணவர் மார்கழிதோறும் பறவைகளைக் கணக்கெடுக்கலாம். வேதியியல் மாணவர் பருவந்தோறும் நீரின் உப்பளவை அளக்கலாம். தமிழ் மாணவர் ஊர்ப் பெரியோரிடம் பறவைப் பெயர்களைக் கேட்டுத் தொகுக்கலாம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமில் ஓர் ஏரியின் வாய்க்காலையேனும் தூர் வாரலாம். பத்தாண்டுக் கணக்கு நம் கையில் இருந்தால், கழுவேலிக்குக் கேடு நேரும் நாளில் சான்றோடு பேச நம்மால் முடியும்.