ஓசையடங்கிய பெட்டி

ஒலி எழுப்புவதற்கென்றே செய்த ஒரு கருவியை ஒலியெழாமல் சுமந்து செல்வது எங்ஙனம்? அமெரிக்காவில் வான்கோழி வேட்டைக்குச் செல்வோர் இளவேனில்தோறும் எதிர்கொள்ளும் வினா இது.

நம் பக்கத்துப் பண்ணைகளில் அசைந்து திரியும் பறவையைக் கொண்டு காட்டு வான்கோழியை மதிப்பிட்டுவிடலாகாது. அது நன்கு பறக்கும். இரவில் உயர்ந்த மரக்கிளைகளில் தங்கும். அதன் கண்ணும் செவியும் மிகக் கூர்மையானவை. இளவேனிலில் சேவல் முழங்கிப் பேடையை அழைக்கும். வேட்டைக்காரர் விடியுமுன் காட்டுக்குள் சென்று, மரத்தடியில் அசையாது அமர்ந்து, பேடையின் குரலைக் கருவியால் எழுப்பிச் சேவலை வரவழைப்பார்.

இக்கருவிகளுள் பெரும்புகழ் பெற்றது மரப்பெட்டி. ஆர்க்கன்சாஸ் மாநிலத்தைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் என்பார் 1897 ஆம் ஆண்டில் இதற்குக் காப்புரிமை பெற்றார். மெல்லிய பக்கப் பலகைகள் கொண்ட நீண்ட சிறு பெட்டி; அதன்மேல் ஒரே திருகாணியில் அசையும் மூடி. சாக்கட்டி பூசிய மூடியைப் பலகையின் விளிம்பில் உரசினால் அச்சு அசலாகப் பேடையின் குரல்! ஆனால் நடக்கும்போது மூடி தானே அசைந்து கீச்சிடுமே, அங்கேதான் தொல்லை. வேளைகெட்ட அவ்வோசை சேவலை எச்சரித்து விரட்டிவிடக்கூடும்.

சேவல் தப்பினால் ஒரு காலைப் பொழுதுதான் வீண். அதனினும் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அதே காட்டில், இலைநிற உடையணிந்து, கையில் துப்பாக்கியுடன் வேறொருவரும் இருக்கலாம். புதருக்கப்பால் பேடையின் குரல் கேட்கிறது, ஏதோ அசைகிறது, அங்கே சேவலும் இருக்குமென்று அவர் எண்ணிவிட்டால்? சேவலின் தலையில் சிவப்பு, வெள்ளை, நீலம் ஆகிய நிறங்கள் உண்டு. ஆதலால் அந்நிறங்களில் கைக்குட்டைகூட வெளியே தெரியலாகாது என்று அங்கே வேட்டைப் பாதுகாப்பு வகுப்புகளில் கற்பிக்கின்றனர். ஆளைப் பறவையென மயங்கிச் சுட்ட விபத்துகள் நேர்ந்தே இருக்கின்றன. பையினுள் கிடக்கும் பெட்டியின் வாயைக் கட்டுவது இதனாலும் இன்றியமையாததாகிறது.

கட்டும் வழியோ மிக எளிது. மூடிக்கும் பெட்டிக்கும் இடையே ஒரு துணித்துண்டைச் செருகி, மேலே ரப்பர் வளையம் ஒன்றை மாட்டிவிட்டால் போதும். துணியில் எண்ணெய்ப் பசை இருக்கக்கூடாது. இருந்தால் சாக்கட்டி பிடிக்காது. ஈரமும் அவ்வாறே கேடு செய்யும். மழை நாளில் சாதாரண பிளாஸ்டிக் பையே பெட்டிக்குக் குடை.

அடுத்தது வட்டக் கிண்ணம் போன்ற கருவி. அதன் முகத்தில் சிலேட்டுக் கல்லோ கண்ணாடியோ பதித்திருக்கும். சிறு குச்சியால் அதன்மேல் உரச வேண்டும். விரல் அதன் முகத்தில் படவே கூடாது. எண்ணெய் தேய்த்த தலையைத் தடவிய கையோடு வந்து சிலேட்டைத் தொடும் மதரஸாப் பிள்ளைகளிடம் கேட்டால் காரணம் சொல்வார்கள்: பல்பம் வழுக்கும்! இங்கும் குச்சி வழுக்கி, குரல் எழாது போகும். அதனால் கிண்ணத்தை மென்துணி உறையிலும் குச்சியை வேறொரு பையிலும் வைப்பர். இரண்டும் ஒரே பையில் கிடந்தால் மோதிச் சத்தமிடும்; முகமும் கீறல்படும்.

வாயினுள் மேலண்ணத்தில் பொருத்தி ஊதும் ரப்பர்ச் சவ்வுக் கருவிக்கு ஓசைத் தொல்லை இல்லை. வெயிலே அதன் பகை. சூடேறிய வண்டிக்குள் விட்டுவைத்தால் சவ்வு கெட்டுவிடும். வேட்டை முடிந்ததும் அலசி, உலர்த்தி, சவ்வுகள் ஒன்றோடொன்று ஒட்டாதிருக்க இடையே பல்குத்தும் குச்சியைச் செருகி, குளிர்ப்பெட்டியில் வைப்போரும் உண்டு.

இவற்றையெல்லாம் சுமக்கப் பல பைகள் தைத்த மேலங்கி அங்கே கடைகளில் கிடைக்கிறது. பையின் வாயில் ஒட்டுப்பட்டை இருந்தால் பிரிக்கும்போது பர்ரென்று கிழியும் ஓசை வரும், பொத்தானே மேல். எந்தக் கருவி எந்தப் பையில் என்பதையும் ஒருபோதும் மாற்றலாகாது. விடியாத இருளில், விளக்கின்றி, கை தானே அதைத் தேடி எடுக்க வேண்டுமல்லவா?