கைப்பிடி இறுக்கம்

ஊட்டி ஏரியிலும் பைக்காராவிலும் படகேறுகிறவர்கள் லைஃப் ஜாக்கெட்டைக் கவனிப்பார்கள். மோட்டாரின் கழுத்தை யார் பார்க்கிறார்கள்? கைப்பிடியால் திருப்பும் சின்ன அவுட்போர்டு மோட்டாரில் அங்கே ஒரு திருகோ நெம்புகோலோ இருக்கும். மோட்டார் எவ்வளவு லேசாகத் திரும்பலாம் என்பது அதன் கையில். ஓடும்போது விசிறி கைப்பிடியை ஒரு பக்கமாக இழுக்கும். கை வலிக்கிறதென்று அந்தத் திருகை முழுக்க முறுக்கிவிடுவது சோம்பேறித்தனம். குறுக்கே ஒரு மிதிபடகு வந்துவிட்டால் மோட்டார் சட்டென்று அசையாது. இழுப்பைத் தணிக்கத்தான் பல மோட்டார்களில் விசிறிக்கு மேலே டிரிம் டேப் என்ற சின்னத் தகடு இருக்கிறது. படகு எந்தப் பக்கம் ஒதுங்குகிறதோ, தகட்டின் பின்விளிம்பையும் அந்தப் பக்கமே துளி திருப்பி வைக்க வேண்டும்.

மலையில் இன்னொரு தொல்லை. ஜனவரி உறைபனியில் பழைய கிரீஸ் கெட்டியாகி, திருகைத் தொடாமலே திருப்பம் கனத்துப்போகும். முதலில் புது கிரீஸ், பிறகுதான் ஸ்பேனர். ஒற்றைக் கையால் சிரமமின்றித் திருப்ப முடிகிற இறுக்கம் போதும். படகோட்டி அண்ணன்மாரே, இறுக்கியாயிற்றே என்று ஓடும் மோட்டாரின் கைப்பிடியை விட்டுவிடாதீர்கள். எஞ்சினை நிறுத்தும் கயிற்றை மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளுங்கள்.