ஒண்ணுமில்லாதவர் வீட்டுக் கதவையும் தட்டட்டும்!

"எனக்குத்தான் ஒண்ணுமில்லையே சார், என்னை எதுக்கு சோதிக்கணும்?"

தொற்றுநோய் பற்றி வீட்டிலேயே பரிசோதிக்கும் ஆய்வு என்றதும் நம்மூரில் முதலில் கிளம்புகிற கேள்வி இதுதான். கேட்க நியாயமாக இருக்கும். கோளாறும் அதில்தான்!

2020ம் வருஷம் கொரோனா ஆட்டிப் படைத்தபோது இங்கிலாந்தில் 'ரியாக்ட்' என்று ஓர் ஆய்வு நடந்தது. நடத்தியவர்கள் லண்டன் இம்பீரியல் கல்லூரி விஞ்ஞானிகள். டாக்டர்களிடம் பதிந்திருக்கும் பெயர்ப் பட்டியலில் குலுக்கல் மாதிரி ஆட்களைப் பொறுக்கி, வீட்டுக்குக் கடிதம் போட்டார்கள். சரி என்றவருக்குப் பார்சலில் பஞ்சுக் குச்சி வந்தது. தொண்டையிலும் மூக்கிலும் தாங்களே விட்டு எடுத்து, குழாயில் போட்டு மூடி, பிரிஜ்ஜில் வைக்கவேண்டும். (தயிருக்குப் பக்கத்திலா என்று நம் வீட்டுப் பெண்கள் சண்டைக்கு வருவார்கள்!) ஆள் வந்து வாங்கிப் போவார். 5 வயதுப் பிள்ளை முதல் கிழவர் வரை எல்லோரும் சேர்த்தி.

159 பேர்!

முதல் சுற்று மே மாதம். 1 லட்சத்து 20 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் குச்சி விட்டுக்கொண்டார்கள். நோய் இருந்தது எத்தனை பேருக்கு? வெறும் 159 பேருக்கு!

"இதுக்கா இத்தனை செலவு?" என்று கேட்கத் தோன்றும். ஆனால் அந்த 159 பேரில் பாதிக்கு மேல் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லாதவர்கள். ஆஸ்பத்திரி வாசலில் நின்று எண்ணினால் இவர்கள் கண்ணிலேயே படமாட்டார்கள். மற்ற லட்சத்துச் சொச்சம் பேரும் பார்த்துக்கொண்டதால்தான், ஆயிரத்தில் ஓரிருவருக்கு இருக்கிறது என்று கணக்குச் சொல்ல முடிந்தது. விற்ற சரக்கை மட்டும் எண்ணிவிட்டு ஸ்டாக் எடுத்தாச்சு என்று எந்தக் கடைக்காரராவது சொல்வாரா?

நம் சென்னையிலும் அதே வருஷம் ஜூலையில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். 12,405 பேர். அதில் 21.5 சதவீதம் பேருக்குத் தொற்று வந்து போன அடையாளம்! ஐந்தில் ஒருவர்! அந்த மாதக் கடைசியில் சர்க்கார் கணக்கில் இருந்த நோயாளிகளோ ஒரு லட்சத்தை ஒட்டித்தான். ஊர் ஜனத்தொகையில் ஐந்தில் ஒரு பங்கு என்றால் பத்து லட்சத்தைத் தாண்டுமே! கணக்கில் வராதவர்கள் எல்லாம் மார்க்கெட்டிலும் ரேஷன் கடையிலும் நம் தோளை உரசிக்கொண்டு போனவர்கள்தான்.

கதவில் ஸ்டிக்கர்

அப்படியும் ஜனங்கள் ஏன் தயங்குகிறார்கள்? இங்கிலாந்திலேயே முதல் சுற்றில் பத்துப் பேருக்குக் கடிதம் போட்டால் மூன்று பேர்தான் வந்தார்கள். போகப் போக அதுவும் குறைந்தது. அங்கே சலிப்பு என்று வைத்துக்கொள்வோம். இங்கே பயம்!

அந்தப் பயம் சும்மா வரவில்லை. 2020ல் வீட்டு வாசலில் ஸ்டிக்கர் ஒட்டினார்கள். உள்ளே வராதே என்று ஊருக்கே அறிவிப்பு! தெருவே எட்டி நின்று வேடிக்கை பார்த்தது. குடித்தனக்காரர் வீட்டுக்காரருக்குப் பயந்தார். கடைக்காரர் வியாபாரம் போய்விடும் என்று பயந்தார். தகுந்த அதிகாரியின் உத்தரவு இல்லாமல் இப்படி ஒட்டக்கூடாது என்று டிசம்பரில் சுப்ரீம் கோர்ட்டு சொன்னது. அதற்குள் பட வேண்டியவர்கள் பட்டாச்சு!

மறுபடி ஓர் ஆய்வு வந்தால் நாம் கை நீட்டத்தான் வேண்டும் என்பது என் கட்சி. ஊசி குத்துகிற வலி ஒரு நிமிஷம். ஆனால் வருகிறவர்களும் ஒன்றை எழுதிக் கொடுக்கட்டும்: முடிவு எனக்கு மட்டும்தான், தெருவுக்கு அல்ல, ஸ்டிக்கர் கிடையாது. வாயால் சொன்னால் போதாது, கையெழுத்து வேண்டும்.

இன்னொன்று. பகல் பதினொரு மணிக்கு வந்து கதவைத் தட்டினால் வீட்டில் பாட்டிதான் இருப்பார். ஆபீஸ் போகிறவரும் கடை வைத்திருப்பவரும் அகப்படுவது ராத்திரி எட்டு மணிக்கு மேல், அல்லது ஞாயிற்றுக்கிழமை. அந்த நேரத்தில் வாருங்கள் சார்!