ஆம்புலன்ஸ் வரும்வரை யார் பார்ப்பது?

செம்பனைத் தோட்டத்தில் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தால், நாம் முதலில் தேடுவது பக்கத்து வீட்டுக் காரைத்தான். 999 பிறகுதான் நினைவுக்கு வரும். குறை சொல்ல முடியாது. லயத்துக்குச் சாலைப் பெயர் கிடையாது; வீட்டு எண் எப்போதோ அழிந்திருக்கும். மலாயில் இடம் கேட்டால், பதறி நிற்கும் பாட்டி என்ன சொல்வார்?

ஆம்புலன்ஸ் தாமதம் என்று புகார் எழும்போதெல்லாம் பேச்சு நிமிடக் கணக்கிலேயே நின்றுவிடுகிறது. நிமிடம் முக்கியம்தான். இதயம் நின்றவருக்கு நெஞ்சை அழுத்தும் முதலுதவியும் மின் அதிர்ச்சியும் கிடைக்காத ஒவ்வொரு நிமிடமும், பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 விழுக்காடு குறைகிறது. அப்படிப் பார்த்தால், பட்டணத்திலிருந்து எவ்வளவு விரைவாக வண்டி வந்தாலும் உட்புறத் தோட்டத்துக்கு அது தாமதம்தான். அந்த இடைவெளியில் நோயாளியின் அருகில் இருப்பவருக்கு என்ன தெரியும் என்பதே உண்மையான கேள்வி.

முன்பு அதற்கு டிரசர் இருந்தார். பெரிய படிப்பு இல்லாவிட்டாலும், ஆபத்தைப் பார்த்ததும் தோட்ட லாரியை எடுக்கச் சொல்லும் அனுபவம் அவரிடம் இருந்தது. இன்று பல தோட்டங்களில் அந்த மருந்தகமே இல்லை. தொழிலாளர்களுக்கு மருத்துவ வசதி தருவது முதலாளியின் கடமை என 1990ஆம் ஆண்டின் 446ஆவது சட்டம் சொல்கிறது. வேலை ஓய்ந்தும் லயத்திலேயே தங்கிவிட்ட முதியவர்களை அந்தக் கணக்கில் யார் சேர்க்கிறார்கள்?

காரில் ஏற்றுவது வேகம்போல் தெரியும். ஆனால் பின் இருக்கையில் நெஞ்சை அழுத்த இடமில்லை, ஆக்சிஜனும் இல்லை. 999 அழைப்பு முதலில் பொது மையத்துக்குப் போய், அங்கிருந்து ஆம்புலன்ஸ் தரப்புக்கு மாற்றப்படுகிறது. மீண்டும் மணி அடிக்கும்போது, லைன் போய்விட்டது என்று துண்டித்துவிடாதீர்கள். போனை ஸ்பீக்கரில் போட்டு, அவர்கள் சொல்வதைச் செய்யுங்கள். மோட்டார் சைக்கிளில் ஒரு பையன் தோட்ட முச்சந்திக்குப் போய் வண்டிக்கு வழி காட்டட்டும்.

செயின்ட் ஜான் ஆம்புலன்சும் செம்பிறைச் சங்கமும் முதலுதவிப் பயிற்சி தருகின்றன. திருவிழாவுக்குப் பந்தல் போடும் ஆலய நிர்வாகம், ஒரு ஞாயிற்றுக்கிழமையை இதற்கு ஒதுக்கலாம். அதற்கு முன் உங்கள் தோட்டத்து கேட் சாவி இரவில் யாரிடம் இருக்கிறது என்று விசாரித்துப் பாருங்கள்.