கிண்டர் மேட்டில் ஒரு பிறந்த தினம்

மான்செஸ்டர் நண்பர் தமது ஐம்பதாவது பிறந்த தினத்துக்கு விருந்து ஒன்றும் வைக்கவில்லை. சனிக்கிழமை காலை நம்மை ரயிலேற்றி, டெர்பிஷயரிலுள்ள ஈடேல் கிராமத்தில் இறக்கி, நாள் முழுவதும் மலை ஏற வைத்தார்! பசும்புல், கற்சுவர், ஓயாத தூறல் – வர்ணனை போதும்.

அவருடைய பாட்டனார் பஞ்சாலைத் தொழிலாளி. அந்தக் காலத்தில் கிண்டர் மேட்டின் உச்சியில் பொது ஜனங்கள் கால் வைக்கக் கூடாது. பிரபுக்களின் பறவை வேட்டைக்கென்று காவல் போட்டிருந்தார்கள். 1932 ஏப்ரல் 24-ந் தேதி சில நூறு வாலிபர்கள் தடையை மீறி ஏறினார்கள். ஐவருக்குச் சிறைவாசம் கிடைத்தது. பாட்டனார் மட்டும் அன்று பயந்து வீட்டில் தங்கிவிட்டாராம். அந்தக் குறை கடைசி வரையில் அவருக்குத் தீரவில்லை.

இங்கிலாந்தில் இத்தகைய மேட்டு நிலங்களில் இஷ்டம்போல் நடக்கும் உரிமை 2000-ஆம் வருஷத்துச் சட்டத்தினால்தான் நாடெங்கும் ஏற்பட்டது. அதுவும் அத்தேசத்து நிலத்தில் நூற்றுக்குச் சுமார் 8 பங்குக்குத்தான். மற்ற வயல்வெளிகளில், கைகாட்டி மரம் காட்டுகிற ஒற்றையடிப் பாதையை விட்டு விலகாமல் நடக்க வேண்டியதுதான்.