அறிவது வேறு, செய்ய வைப்பது வேறு

"பேதுரு மூன்று முறை மறுதலிப்பான் என்று இயேசு முன்பே சொல்லிவிட்டார். அப்புறம் பேதுரு மேல் என்ன குற்றம்?" ஒத்தக்கடையில் நண்பர் ஒருவர் வைத்த வாதம் இது. கேட்க வலுவாக இருக்கிறது, உள்ளே ஓட்டை.

யானைமலை மேல் நிற்பவருக்கு மேலூர்ச் சாலையில் எதிரெதிரே வரும் இரண்டு லாரிகளும் தெரியும். பார்க்கிறார் என்பதால் ஸ்டியரிங் அவர் கைக்கு வந்துவிடுமா? காலத்துக்கு வெளியே இருக்கும் கடவுள் எல்லாவற்றையும் ஒரே நிகழ்காலமாகக் காண்கிறார் என்று 6-ஆம் நூற்றாண்டிலேயே தத்துவஞானி போயத்தியஸ் எழுதிவிட்டார். நண்பர் தலைகீழாகப் பிடித்திருக்கிறார். கடவுள் அறிந்ததால் பேதுரு மறுதலிக்கவில்லை. பேதுரு மறுதலிப்பதையே கடவுள் அறிந்தார். பேதுரு துணிந்து நின்றிருந்தால், கடவுள் அறிந்ததும் அதுவாகவே இருந்திருக்கும்.

"இயேசு வாய்விட்டே சொல்லிவிட்டாரே" என்பார் நண்பர். சரி, சேவல் கூவியதும் பேதுரு ஏன் வெளியே போய் அப்படி அழுதார்? தன் கையில் இல்லாத செயலுக்கு யாரும் அவ்வாறு அழுவதில்லை.

இது பழைய விவாதம்தான். கடவுளின் அருளும் மனிதச் சுதந்திரமும் எப்படிப் பொருந்தும் என்று டொமினிக்கன் சபையாரும் இயேசு சபையாரும் ரோமில் ஆண்டுக்கணக்கில் மோதினார்கள். இயேசு சபைக் குரு தெ நோபிலி மதுரைக்கு வந்த மறு ஆண்டு, 1607-இல், பாப்பரசர் ஐந்தாம் பவுல் எந்தப் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல் விவாதத்தை முடித்தார். மனிதனுக்குச் சுதந்திரமே இல்லை என்று இரு தரப்பிலும் யாரும் வாதாடவில்லை.

மனைவியை அடித்துவிட்டு "எல்லாம் தேவசித்தம்" என்று சொல்லும் மனிதர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். நண்பரே, அவர்கள் கையில் இந்த வாதத்தைக் கொடுத்துவிடாதீர்கள்.