பளபளப்பைப் பார்த்துப் பித்தளை வாங்காதீர்!



"கார்ட்ரிட்ஜ் பிராஸ் என்றால் என்ன?" - மெட்டீரியல்ஸ் பாடத்தில் இரண்டு மார்க் கேள்வி. "70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம் கலந்த பித்தளை. தோட்டாக் கூடு செய்யப் பயன்படுகிறது." இரண்டு வரி எழுதினால் இரண்டு மார்க். நானும் எழுதினேன், வாங்கினேன். நீங்களும் வாங்கியிருப்பீர்கள்.

அந்த இரண்டு மார்க்கைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. அது நம்மை ஏமாற்றுகிறது என்பது என் கருத்து. பித்தளையின் பேர் தெரிந்து என்ன பயன்? நல்ல பித்தளை எது, கெட்டது எது என்று கையில் கொடுத்தால் நமக்குப் பார்க்கத் தெரியுமா? டிப்ளமோ முடித்து ஒரு கம்பெனியில் இன்ஸ்பெக்ஷனில் நிற்கப் போகிறவர்கள் நாம். அங்கே யாரும் சதவீதம் கேட்க மாட்டார்கள். "தம்பி, இது ஓ.கே.யா, ரிஜக்ட்டா?" என்றுதான் கேட்பார்கள்.

யார் நன்றாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்?

தேடிப் படித்தபோது ஒரு கூட்டத்தார் என்னை ஆச்சரியப்படுத்தினார்கள். அமெரிக்காவில் குறி பார்த்துச் சுடும் போட்டிக்காரர்களும் வேட்டைக்காரர்களும் சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை எறிவதில்லை. பொறுக்கி எடுத்து, பழைய அளவுக்கு அழுத்தி, புது ப்ரைமர், மருந்து, குண்டு வைத்து மறுபடி பயன்படுத்துகிறார்கள். இதற்கு ரீலோடிங் என்று பெயர். நம் நாட்டில் 1959-ஆம் வருடத்து ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அதனால் யாரும் இதைச் செய்து பார்க்கச் சொல்லி நான் எழுதவில்லை. துப்பாக்கியை நான் தொட்டதுகூட இல்லை! நான் கற்றுக்கொள்ள நினைப்பது அவர்கள் உலோகத்தைப் பார்க்கும் பார்வையை.

ஒரு தோட்டாவில் நாலு பாகம். ப்ரைமர் ஒரே அடியில் தீர்ந்துவிடும். மருந்து எரிந்துவிடும். குண்டு போய்விடும். மிஞ்சுவது பித்தளைக் கூடு மட்டும்தான். அது படும் பாட்டைக் கேளுங்கள். .308 வின்செஸ்டர் என்ற ரைபிள் தோட்டாவுக்கு அமெரிக்கத் தர அமைப்பு அனுமதித்திருக்கும் உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 62,000 பவுண்டு. கார் டயருக்கு நாம் அடிக்கும் காற்று 30 பவுண்டு சுமார். அதைப்போல் இரண்டாயிரம் மடங்கு! அந்த நொடியில் கூடு உப்பி, துப்பாக்கியின் சேம்பர் சுவரோடு ஒட்டி, காற்று பின்னால் வராமல் அடைக்க வேண்டும். அடுத்த நொடியே கொஞ்சம் சுருங்கி, கையால் இழுத்தால் வெளியே வர வேண்டும். சுருங்காவிட்டால் உள்ளே சிக்கிக்கொள்ளும். கிழிந்தாலோ சுடுகிறவன் முகத்துக்கு அருகே சூடான வாயு பீறிடும். ஆகவே கூடு தேர்ந்தெடுப்பது காசு மிச்சம் பிடிக்கிற சமாச்சாரம் மட்டும் இல்லை. கண் போகிற சமாச்சாரம்.

ஏன் 70-30?

துத்தநாகம் சுமார் 37, 38 சதவீதத்தைத் தாண்டினால் பித்தளைக்குள் பீட்டா என்ற இன்னொரு கட்டம் வந்துவிடும். 1832-இல் பர்மிங்ஹாமைச் சேர்ந்த மண்ட்ஸ் என்பவர் பேடண்ட் வாங்கிய 60-40 பித்தளை அப்படிப்பட்டது. கப்பலின் அடிப்பாகத்துக்குத் தகடாக அடிக்க அது உதவியது. சூடாக இருக்கும்போது நன்றாக வளையும். ஆனால் பச்சையாக, குளிர்ந்த நிலையில் ஆழமாக இழுத்தால் தாங்காது. 70-30 தாங்கும். அதனால்தான் ஒரு வட்டத் தகட்டைக் கிண்ணமாக்கி, கிண்ணத்தை நீட்டி நீட்டிக் குழாயாக இழுக்க முடிகிறது.

அப்படி இழுக்க இழுக்க உலோகம் இறுகிப்போகும். ஒர்க் ஹார்டனிங் என்று படித்தோமே, அதுதான். அதனால் நடுநடுவே சூடாக்கி அனீலிங் செய்கிறார்கள். கடைசியில் வரும் கூட்டில் அடிப்பாகம் கடினமாக இருக்கும், கழுத்து மிருதுவாக இருக்கும். அடிப்பாகம் மிருதுவானால் ப்ரைமர் குழி விரிந்துவிடும், அழுத்தத்தைத் தாங்காது. கழுத்து கடினமானால் வெடித்துவிடும்.

தோழர்களே, இங்கேதான் நம் இரண்டு மார்க் பதில் தோற்றுப்போகிறது. அடியிலும் 70-30, கழுத்திலும் 70-30. ஆனால் இரண்டும் வேறு வேறு குணம்! கலவை ஒன்றுதான்; பட்ட அடியும் காய்ந்த சூடும்தான் வேறு. சதவீதத்தை மட்டும் தெரிந்தவனுக்கு இந்த வித்தியாசம் ஆயுள் முழுக்கத் தெரியப்போவதில்லை.

அவர்கள் பார்க்கும் முறை

முதலாவது, பளபளப்புக்கு மயங்க மாட்டார்கள். ராணுவத் தோட்டாக் கூட்டின் கழுத்தில் நீலமும் பழுப்புமாக ஒரு கறை இருக்கும். அனீலிங் செய்த சூட்டின் அடையாளம் அது. வேலை நடந்திருக்கிறது என்று கண்ணால் பார்க்கட்டும் என்று அதை அழிக்காமல் விடுகிறார்கள். விற்பனைக்கு வரும் பல கூடுகளில் அதைத் தேய்த்துப் பளபளப்பாக்கி விடுவார்கள். விவரம் தெரியாதவன் மினுங்குவதை எடுப்பான். தெரிந்தவனுக்குக் கறைதான் சாட்சி. மின்னுவதெல்லாம் பொன்னல்ல என்று நம் பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

இரண்டாவது, அடியில் இருக்கும் முத்திரையைப் படிப்பார்கள். ஒரே தயாரிப்பு, முடிந்தால் ஒரே லாட். எத்தனை தடவை சுட்டது என்று தெரியாத, கண்ட இடத்தில் பொறுக்கிய கூட்டை நம்ப மாட்டார்கள். நடுவில் ஒற்றைத் துளை இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். ஒற்றைத் துளை என்றால் பாக்ஸர் வகை, பழைய ப்ரைமரைத் தட்டி எடுப்பது சுலபம். இரண்டு சின்னத் துளை இருந்தால் பெர்டான் வகை, எடுப்பது கஷ்டம். பாக்ஸர் இங்கிலாந்துக்காரர், பெர்டான் அமெரிக்கர். ஆனால் அமெரிக்கா பாக்ஸர் முறையைப் பிடித்துக்கொண்டது, ஐரோப்பாவில் பெர்டான் பரவியது. வேடிக்கைதான்!

மூன்றாவது, நிறுத்துப் பார்ப்பார்கள். வெளி அளவு எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். எடை கூடினால் சுவர் தடிமன் என்று அர்த்தம். சுவர் தடித்தால் உள்ளே இடம் குறையும். இடம் குறைந்தால் அதே மருந்துக்கு அழுத்தம் ஏறும். ஆகவே எடை வித்தியாசமானதை ஒன்றாகக் கலக்க மாட்டார்கள்.

நாலாவது, பலமுறை சுட்ட கூட்டில் அடிக்குச் சற்று மேலே மெல்லிய பளிச்சென்ற வளையம் தெரிகிறதா என்று தேடுவார்கள். தெரிந்தால் அந்த இடத்தில் சுவர் நீண்டு மெலிந்து கொண்டிருக்கலாம். நுனி வளைத்த கம்பியை உள்ளே விட்டுச் சுவரைத் தடவுவார்கள். கம்பி ஒரு பள்ளத்தில் சிக்கினால் அந்தக் கூடு ரிஜக்ட். ஒரு சாதாரணக் கம்பி! லட்ச ரூபாய் மெஷின் இல்லை. ரிஜக்ட் ஆனதை அப்படியே போடாமல், வேறு யார் கையிலும் போய்ச் சேராதபடி குறடால் நசுக்கியும் விடுவார்கள். இந்த ஒரு பழக்கத்துக்கே நான் அவர்களுக்குக் கும்பிடு போடுவேன்.

நம் மண்ணில் நடந்த கதை

இதெல்லாம் அமெரிக்கக் கதை என்று சிலர் சொல்லலாம். பித்தளையின் மிகப் பெரிய பாடம் ஒன்று இந்தியாவில்தான் கிடைத்தது என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? 19-ஆம் நூற்றாண்டில் இங்கிருந்த பிரிட்டிஷ் ராணுவம், மழைக்காலத்தில் தோட்டாக்களைக் குதிரை லாயங்களில் வைத்திருந்தது. மழை ஓய்ந்து எடுத்துப் பார்த்தால், யாரும் சுடாமலே கூடுகளில் விரிசல்! மழை சீசனில் வந்ததால் சீசன் கிராக்கிங் என்றே பெயர் வைத்தார்கள். காரணம் தெளிவாகப் புரிய 1921 ஆயிற்று. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூவரின் ஆய்வில் விளக்கம் கிடைத்தது. குதிரை மூத்திரத்திலிருந்து வரும் அம்மோனியா, காற்றின் ஈரம், இழுத்துச் செய்தபோது பித்தளைக்குள் தங்கிவிட்ட அழுத்தம், இந்த மூன்றும் சேர்ந்தால் விரிசல். உள் அழுத்தத்தை லேசான சூட்டில் தணித்துவிட்டால் ஆபத்து வெகுவாகக் குறையும். இன்றைக்கும் விவரம் தெரிந்த ரீலோடிங்காரர்கள் அம்மோனியா கலந்த பாலிஷைக் கூட்டுக்குப் போட மாட்டார்கள். பளபளப்புக்கு ஆசைப்பட்டு உயிரைக் கொடுக்க வேண்டுமா?

நான் இன்-பிளாண்ட் ட்ரெய்னிங் போன ஒரு சின்னப் பட்டறையில், காற்றுக் குழாயின் பித்தளை நட் ஒன்று நெடுக வெடித்துக் கிடந்தது. முந்தின நாள்வரை பளபளவென்று இருந்ததாம். "சரக்கு சரியில்லப்பா" என்று தூக்கிப் போட்டுவிட்டு, அதே கடையில் இன்னொன்று வாங்கி மாட்டினார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் மாட்டுக் கொட்டகை. அம்மோனியாதான் காரணம் என்று நான் சத்தியம் பண்ண மாட்டேன். சோதிக்காமல் எப்படிச் சொல்வது? சோதிக்க வேண்டும் என்று அங்கே யாருக்கும் தோன்றவில்லையே என்பதுதான் என் வருத்தம். நாளைக்கு அந்த இடத்தில் நிற்கப் போவது நாம்.

அப்பாவும் அனீலிங்கும்

எங்க குடும்பத்தில் பத்தாவது தாண்டிப் படிக்க வந்தவன் நான்தான் முதல். அப்பா பாத்திரப் பட்டறையில் பித்தளை தட்டுகிறவர். அனீலிங் பாடம் நடந்த அன்றைக்கு வீட்டில் போய் அவருக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஏப்பா, தட்டத் தட்டப் பித்தளைக்குக் கோவம் ஏறும். உலையில காட்டி எடுத்தாத்தான் அடங்கும். காட்டாம மேல மேல தட்டினா விளிம்புல விட்டுரும். இதுக்கு இங்கிலீசுல ஒரு பேரா?"

ஒர்க் ஹார்டனிங், அனீலிங், விரிசல் மூன்றையும் மூன்றே வரியில் சொல்லிவிட்டார்! அவருக்குப் பேர் தெரியாது, வேலை தெரியும். நமக்குப் பேர் தெரியும், வேலை? அவரால் ஏன் என்று சொல்ல முடியாது, நம்மால் சொல்ல முடியும் என்பது உண்மை. அதற்காகத்தான் படிக்க வந்தேன். ஆனால் ஏன் என்பதை மனப்பாடம் பண்ணிவிட்டு எது என்று பார்க்கத் தெரியாமல் வெளியே போனால், அப்பாவிடம் இருந்ததையும் இழந்தவனாகத்தான் போவேன். முதல் தலைமுறையாகப் படிக்க வந்த நம் எல்லோர் வீட்டிலும் இப்படி ஒரு கை வேலை இருக்கிறது. அதைக் கேவலம் என்று ஒதுக்கிவிட்டு வரத் தேவையில்லை.

"ரிசல்ட் சதவீதம் குறையக் கூடாது, சிலபஸ் முடிக்கவே நேரம் இல்லை" என்று ஆசிரியர்கள் சொல்வார்கள். அவர்கள் கஷ்டம் எனக்குப் புரிகிறது. பரீட்சை கேட்பதை அவர்கள் நடத்தித்தான் ஆக வேண்டும். ஆனால் நான் கேட்பது புது சிலபஸ் இல்லை, புது கட்டடமும் இல்லை.

ஒன்று: லேபில் ஓர் அலமாரி. உடைந்த போல்ட், வெடித்த நட், தேய்ந்த பேரிங், விரிசல் விட்ட ரேடியேட்டர் டேங்க் என்று பட்டறைகளில் குப்பைக்குப் போவதை வாங்கி வந்து அடுக்குவோம். ஒவ்வொன்றின் கீழும் எங்கே, எப்படிப் போனது என்று ஒரு சீட்டு. காசு கிட்டத்தட்டத் தேவையே இல்லை.

இரண்டு: ஹார்ட்னஸ் டெஸ்டரில் ஒரு மாணவன் செய்ய, இருபது பேர் ரெக்கார்டில் காப்பி அடிக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஆளுக்குப் பத்து ரீடிங். ஒரே பித்தளைத் துண்டை அடித்து ஒரு ரீடிங், சூடாக்கி ஒரு ரீடிங். அந்த வித்தியாசத்தைத் தன் கண்ணால் பார்த்தவன் மறக்க மாட்டான்.

மூன்று: ஆண்டுக்கு ஒரு நாள் பாத்திரம் தட்டுகிறவரையும், லேத் மெக்கானிக்கையும், ரேடியேட்டர் பற்ற வைக்கிறவரையும் நம் மேடைக்கு அழைப்போம். சங்க விழாவில் பொன்னாடை அவர்களுக்கும் போகட்டும்.

இந்த மூன்றையும் சங்கத்தின் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாக வைக்கப் போகிறேன். ஆதரவு தாருங்கள். எதிர்ப்பு இருந்தாலும் வந்து பேசுங்கள், விவாதிப்போம். அதுவரை ஒரு சின்ன வேலை: இந்த வாரம் உங்கள் தெருவில் உடைந்துபோன ஓர் உலோகப் பாகத்தை எடுத்து வாருங்கள். ஏன் உடைந்தது என்று சேர்ந்து பார்ப்போம்.

சிந்திப்போம் தோழர்களே! சிந்தித்ததைச் செய்து பார்ப்போம்!

- மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவன்